காயைக் கனியென்று விற்கலாமா?



 

  

வியாபாரம் சம்பந்தமாக ஏதேனும் எழுதித் தரும்படி சங்கத்தின் செயலாளர் அவர்கள் கேட்டிருந்தார்கள். நான் ஆலிமல்லன். சிறு வயதில் மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர வேறு படிப்பு எனக்கில்லை. ஜொகூர் பாருவில் கைப்பேசி, கடிகாரம், மின்சாமான் விற்கும் சிறு கடை வைத்துப் பிழைக்கிறேன். ஆகவே மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் முன்வரவில்லை. அதற்கு உலமாப் பெருமக்கள் இருக்கிறார்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் கண்ணில் பட்ட ஒரு விஷயத்தை, ஹஜ்ரத் அவர்கள் ஓதிக் கொடுத்த வியாபாரப் பாடத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். அவ்வளவே.

முன்பெல்லாம் ஒரு சாமான் கடைக்கு வந்தால் அது முடிந்த சாமான். தையல் மிஷின் என்றால் தைக்கும். ரேடியோ என்றால் பாடும். பாடாவிட்டால் மறுநாள் காலையில் வாடிக்கைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். இக்காலத்துச் சாமான்கள் அப்படியல்ல. கைப்பேசி, தொலைக்காட்சி, மோட்டார் வண்டி, கைக்கடிகாரம், ஏன், துணி துவைக்கும் மிஷின் வரையில், உள்ளே மென்பொருள் என்ற ஒன்று இருந்துகொண்டு அதை ஆட்டி வைக்கிறது. அந்த மென்பொருளை இணையத்தின் வழியாக, விற்ற பிறகும் மாற்றி அனுப்பலாம் என்னும் வசதி வந்திருக்கிறது. நல்ல வசதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வசதியோடு கூடவே ஒரு துணிச்சலும் வந்துவிட்டது. “மீதி வேலையை விற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பணம் வரட்டும்” என்ற துணிச்சல் அது. கம்பெனிகள் இப்படி விற்பது தகுமா? நாம் அதைக் கைமாற்றி விற்பது தகுமா? இதுவே விஷயம்.

நம்மில் அநேகருக்குப் பூர்வீகம் தமிழ்நாடு. ஆகவே அங்கே நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா கம்பெனியார் 500 ஏக்கர் நிலத்தில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை கட்டினார்கள். 2021-ஆம் ஆண்டு ஜூலையில் 499 ரூபாய் கட்டிப் பெயர் பதியச் சொன்னார்கள். முதல் 24 மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் பதிந்தார்கள். ஆகஸ்டு 15-ஆம் தேதி, இந்தியாவின் சுதந்திர தினத்தன்று, எஸ் 1 என்றும் எஸ் 1 புரோ என்றும் இரண்டு வண்டிகளை அறிமுகம் செய்தார்கள். புரோவின் விலை 1,29,999 ரூபாய். செப்டம்பரில் விற்பனையைத் திறந்த இரண்டே நாட்களில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுவிட்டதாகக் கம்பெனியாரே சொன்னார்கள். வண்டியை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு நவம்பரில்தான் கிடைத்தது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

அறிமுகத்தன்று சொன்ன பெருமைகள் என்னென்ன? ஒரே வேகத்தில் தானாக ஓடும், மேட்டில் நிறுத்தினால் பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும், வழி காட்டும், பாட்டுப் பாடும், கைப்பேசியைக் கொண்டே பூட்டலாம், திறக்கலாம், வாயால் சொன்னால் கேட்கும். டிசம்பர் நடுவில் பெங்களூரிலும் சென்னையிலும் விழா வைத்து முதல் வண்டிகளைக் கொடுத்தார்கள். வண்டி ஓடியது, அதில் பொய்யில்லை. ஆனால் மேலே சொன்ன பெருமைகளில் பலவும் வண்டிக்குள் இல்லை. மென்பொருள் பின்னால் வரும் என்றார்கள். ஒரே வேக ஓட்டமும், வழி காட்டுதலும், கைப்பேசிப் பூட்டும் 2022 ஜூனில் அனுப்பத் தொடங்கிய பதிப்பில் வந்தன. மேட்டில் பிடித்துக்கொள்ளும் வசதியோ 2022 டிசம்பரில் அனுப்பத் தொடங்கிய அடுத்த பதிப்பில்தான் வந்தது. அஃதாவது, முதலில் பணம் கட்டி முதலில் வண்டி வாங்கியவர், மேடு வந்த இடத்தில் ஒரு வருஷ காலம் பிரேக்கைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

நியாயமாகவும் பேச வேண்டும். சொன்னவற்றில் பெரும்பாலானதைக் கம்பெனியார் பின்னால் கொடுத்தார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு ஓடியவர்கள் அல்லர். 2024 அக்டோபரில் இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஒரு வருஷத்தில் 10,644 புகார்கள் வந்திருப்பதாகச் சொல்லி விளக்கம் கேட்டபோது, 99.1 சதவிகிதத்தைத் தீர்த்துவிட்டோம் என்று பதில் சொன்னார்கள். அந்தப் புகார்களில் பழுதுபார்க்கத் தாமதம் முதலிய பலவும் சேர்ந்திருந்தன; எல்லாவற்றையும் மென்பொருளின் தலையில் போடுவது முறையல்ல. என் கேள்வி வேறு. 2021 டிசம்பரில் அந்த மனிதர் எதற்கு விலை கொடுத்தார்? இருந்ததற்கா, இல்லாததற்கா?

இப்போது மதீனாவுக்கு வருவோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனத்துத் தோட்டக்காரர்கள் பேரீச்சங்குலை பிஞ்சாக இருக்கும்போதே விலை பேசி விற்றுவிடுவார்கள். அறுவடை நாள் வந்து, வாங்கியவர் பணத்துக்குக் கணக்குப் பார்க்கும்போது சண்டை ஆரம்பமாகும். குலை அழுகிவிட்டது என்பார் ஒருவர். நோய் விழுந்துவிட்டது என்பார் மற்றொருவர். பிஞ்சிலேயே உதிர்ந்துவிட்டது என்பார் இன்னொருவர். இந்த வழக்குகள் பெருகியதைச் சஹாபி ஸைது இப்னு தாபித் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஆகவேதான், பழம் சிவந்தோ மஞ்சளித்தோ அதன் நலம் வெளிப்படும் வரையில் விற்கக் கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அல்லாஹ் அந்தப் பழத்தை விளையவிடாமல் தடுத்துவிட்டால், உன் சகோதரனின் பணத்தை எந்த நியாயத்தில் எடுத்துக்கொள்வாய் என்ற கருத்தில் அவர்கள் கேட்டதும் ஹதீஸில் வருகிறது. விற்பவரை மட்டுமன்றி வாங்குபவரையும் சேர்த்தே தடுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஒரே நாளில் ஒரு லட்சம் பேர் ஓடிப் போய்ப் பெயர் பதிந்த சங்கதியைப் படித்தபோது எனக்கு இந்த இடம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

ஆனால் நம் ஷாபிஈ பாடத்தில் இதற்கு ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறார்கள். காயை, ‘இப்போதே பறித்துக்கொள்கிறேன்’ என்ற நிபந்தனையோடு, காயாகவே உபயோகப்படும் பட்சத்தில் விற்கலாம். ஏன்? அங்கே இன்று மரத்தில் உள்ளதற்கு இன்று விலை பேசப்படுகிறது. நாளை அது என்ன ஆகும் என்ற கனவு விலையில் சேரவில்லை. மாங்காயை ஊறுகாய்க்கு விற்பதில் யாருக்கு என்ன தடை? அதையே மாம்பழம் என்று கூடையில் எழுதி வைத்து, மாம்பழ விலையை வாங்கிக்கொண்டு, “வீட்டில் வையுங்கள், பழுத்துவிடும்” என்று சொல்வதில்தான் வம்பு.

நம் ஊர்க்காரர்களுக்கு டுரியானைச் சொன்னால் இன்னும் சுருக்காக விளங்கும். இங்கே டுரியானைத் தானாக விழவிட்டுப் பொறுக்குவது வழக்கம். தாய்லாந்துக்காரர்கள் மரத்திலிருந்தே வெட்டி இறக்குகிறார்கள். பெட்டியில் இருக்கும்போது அது பழுக்கிறது. இரண்டும் வியாபாரந்தான். வெட்டி இறக்கியதை விற்பவன் “இரண்டு நாள் கழித்துத் திறவுங்கள்” என்று சொல்லி விற்றால் குற்றம் எங்கே இருக்கிறது? அதையே நேற்றிரவு விழுந்த பழம் என்று சொல்லி விற்றானானால், செகாமட்டிலிருந்து மூவார் வரை அவன் முகத்தில் யாரும் விழிக்க மாட்டார்கள்.

ஆகவே, மென்பொருள் முழுவதும் முடியாமல் ஒரு சாமானை வெளியே விடுவதே ஹராம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் உலகத்தில் எந்தச் சாமானும் வெளியே வராது. தெரிந்த பிள்ளைகள் சொல்கிறார்கள்: எவ்வளவு சோதித்தாலும் மென்பொருளில் ஏதோ ஒரு பிசகு ஒளிந்துகொண்டே இருக்கும், இலட்சம் பேர் கையில் போய்ப் பழகும்போதுதான் அது வெளிவரும் என்று. இது உண்மையே. குறைவற்றவன் அல்லாஹ் ஒருவனே. ஜிமெயில் என்னும் தபாலைக் கூகுள் கம்பெனியார் 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி வெளியிட்டார்கள். 2009 ஜூலை வரையில் அதன் தலைப்பிலேயே ‘பீட்டா’, அஃதாவது சோதனை நிலை, என்று எழுதியே வைத்திருந்தார்கள். காசு வாங்கவில்லை, காய் என்பதை மறைக்கவும் இல்லை. ஐந்து வருஷம் காயாகவே இருந்தது. யாரும் மோசம் போனோம் என்று சொல்லவில்லை.

சரி, இனி வரப்போகும் வசதிக்கு இன்றே பணம் வாங்கவே கூடாதா? வாங்கலாம். அதற்கும் நம் மார்க்கத்தில் வழி இருக்கிறது. ஸலம் என்று பெயர். நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளவர்கள் ஓராண்டு, ஈராண்டுக்குப் பின் வரும் விளைச்சலுக்கு முன்பணம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதை அவர்கள் ஒழிக்கவில்லை, ஒழுங்கு செய்தார்கள். அளவு தெரிந்திருக்க வேண்டும். எடை தெரிந்திருக்க வேண்டும். தவணை தெரிந்திருக்க வேண்டும். தவணை வந்து சரக்கு கிடைக்காமற் போனால், காத்திருப்பதோ, பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வதோ வாங்கியவரின் இஷ்டம். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு பாருங்கள்! விவசாயிக்கு விதைக்கப் பணம் கிடைக்கிறது. வாங்குகிறவனின் கையும் கட்டப்படவில்லை.

இந்தத் தராசில் இன்றைய கம்பெனிகளின் ‘பின்னால் வரும்’ என்ற சொல்லை வைத்துப் பார்ப்போம். என்ன வரும் என்று விளக்கமிருக்கிறதா? சில சமயம் இருக்கிறது. என்றைக்கு வரும்? அங்கேதான் வாய் அடைத்துப் போகிறது. டெஸ்லா கம்பெனியார் 2016 அக்டோபர் தொடங்கி, மோட்டார் வண்டி தன்னைத் தானே முழுவதும் ஓட்டிக்கொள்ளும் வசதி என்று சொல்லி முன்பணம் வாங்கினார்கள். 2017 முடிவதற்குள் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஆள் கைபடாமல் ஓட்டிக் காட்டுவோம் என்று அதன் தலைவர் ஈலோன் மஸ்க் சொன்னார். அந்த வருஷம் முடிந்தது, ஓட்டம் நடக்கவில்லை. விலை மட்டும் நடந்தது. 2022-இல் அமெரிக்காவில் 15,000 டாலர் வரை ஏறிற்று. 2024-இல் அந்த வசதியின் பெயரோடு ‘மேற்பார்வையுடன்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். முழுமையாகத் தானே ஓட்டும், ஆனால் மேற்பார்வையுடன்! எங்கள் ஹஜ்ரத் இருந்திருந்தால் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு ஒரு சிமிட்டா மூக்குப்பொடி போட்டிருப்பார்கள்.

எனக்கே ஓர் அனுபவமுண்டு. கடைக்குக் கணக்குப் போடும் கணினிக் கல்லா ஒன்று வாங்கினேன். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். விற்க வந்த தம்பி நல்ல பிள்ளை. சரக்கு இருப்புக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று அச்சடித்த தாளில் இருந்தது. மிஷின் வந்து சேர்ந்தபோது அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தது. அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை.

“என்ன தம்பி, இது செத்துக் கிடக்கிறதே?” என்றேன்.

“அடுத்த அப்டேட்டில் வந்துவிடும் நானா.”

“என்றைக்கு?”

“சீக்கிரமே நானா.”

“ரம்ஜானுக்கு முன்பா, பின்பா?”

தம்பி சிரித்தார். பதில் இல்லை. ரம்ஜான் வந்து, ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போன பிறகு அந்தப் பொத்தான் உயிர் பெற்றது. அது வரையில் இரவு கடையடைத்த பின் என் மனைவியும் நானும் நோட்டுப் புஸ்தகத்தில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தோம். தினம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கு விலை போட்டு யாரும் எனக்குத் திருப்பித் தரவில்லை. கம்பெனியின் பொறியாளர் செய்ய வேண்டிய வேலையை என் வீட்டாரின் கண்கள் செய்தன. முடியாத மென்பொருளை விற்பதன் சூட்சுமம் இதுதான், சகோதரர்களே! மீதி வேலை மறைந்து போவதில்லை. அது கம்பெனியின் மேஜையிலிருந்து இறங்கி, வாங்கியவரின் வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது.

“எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதே” என்பார்கள். ஆம், எழுதியிருக்கிறது. கைப்பேசியில் எதை நிறுவினாலும் ஒரு நீண்ட சாசனம் வரும். அதன் நடுவில் எங்கேயோ, ‘உள்ளது உள்ளபடியே தருகிறோம், எந்தக் குறைக்கும் நாங்கள் பொறுப்பல்ல’ என்ற கருத்தில் ஒரு வாசகம் இருக்கும். நாம் படிக்காமல் சம்மதம் என்று அமுக்குகிறோம். இந்த வாசகம் புதியதன்று. ஆயிரத்து நானூறு வருஷப் பழமையுடைய வாசகம்.

அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள், அடிமை முறை இருந்த அந்தக் காலத்தில், ஓர் அடிமையை 800 திர்ஹத்துக்கு, குறைகளுக்குத் தாம் பொறுப்பல்ல என்ற நிபந்தனையோடு விற்றார்கள். வாங்கியவர், “இவனுக்கு ஒரு நோய் இருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை” என்று வழக்குக் கொண்டு வந்தார். “நான் நிபந்தனையோடுதானே விற்றேன்” என்றார்கள் இப்னு உமர். வழக்கு கலீபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் போயிற்று. கலீபா அவர்கள் நிபந்தனையை வைத்து வழக்கைத் தள்ளிவிடவில்லை. விற்ற சமயத்தில் தமக்குத் தெரிந்த நோய் எதுவும் அவனிடம் இல்லை என்று இப்னு உமர் சத்தியம் செய்ய வேண்டும் எனத் தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடு அவன் அவர்களிடமே குணமடைந்து, 1,500 திர்ஹத்துக்கு விலை போனான் என்றும் வருகிறது.

இந்தத் தீர்ப்பின் ஒளியில்தான் நம் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபில், இத்தகைய நிபந்தனை எல்லாக் குறையையும் மூடிவிடாது என்றார்கள். உயிருள்ள பிராணியின் உள்ளே மறைந்திருந்து, விற்பவருக்கே தெரியாதிருந்த நோய்க்கு மட்டுமே அது காப்பாகும். ஹனபி மத்ஹபில் இதைவிடத் தாராளமுண்டு. மென்பொருளைப் பிராணியோடு சேர்ப்பதா, துணிமணியோடு சேர்ப்பதா என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். சில சமயம் அது கடிப்பதைப் பார்த்தால் பிராணி என்றே எனக்குத் தோன்றுகிறது. எப்படியாயினும், தெரிந்தே வைத்திருந்த குறையை மறைத்து விற்பவருக்குத் தானியக் குவியலின் சம்பவமே போதும். மதீனத்துக் கடைத்தெருவில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள்; அடியில் ஈரம். மழை பெய்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா, ஜனங்கள் பார்த்திருப்பார்களே என்பதாகக் கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். தானியம் நனைந்தது அவர் குற்றமல்ல, மழை அல்லாஹ்வுடையது. நனைந்ததை அடியில் வைத்ததுதான் அவருடைய கைவேலை.

இன்று கம்பெனிகளிடம் பிழைப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. இன்னின்ன இடத்தில் இன்னின்ன குறை என்று அவர்களுடைய ஆட்களே எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியல் குவியலின் மேலே இருக்கிறதா, அடியில் இருக்கிறதா?

இது வரையில் சொன்னது பணம் சம்பந்தப்பட்ட சரக்கு. உயிர் சம்பந்தப்பட்டதில் பேச்சே வேறு. 2018 அக்டோபர் 29-ஆம் தேதி ஜகார்த்தாவிலிருந்து பங்கால் பினாங்குக்குப் புறப்பட்ட லயன் ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் மாண்டார்கள். 2019 மார்ச்சு 10-ஆம் தேதி எத்தியோப்பிய விமானம் விழுந்து 157 பேர் மாண்டார்கள். இரண்டும் போயிங் கம்பெனியின் 737 மேக்ஸ். எம்காஸ் என்ற மென்பொருள், ஒரே ஓர் உணர்கருவி சொன்ன தவறான கணக்கை நம்பி விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளிக்கொண்டேயிருந்தது. அப்படி ஒன்று விமானத்தில் இருப்பதே, முதல் விபத்து நடக்கும் வரையில், விமானிகளின் கையேட்டில் சொல்லப்படவில்லை. 346 உயிர்கள்! அந்த விமானத்தை வாங்கியது விமானக் கம்பெனி. விழுந்து இறந்தது பயணிகள். அவர்கள் எந்தச் சாசனத்தில் சம்மதம் என்று அமுக்கினார்கள்?

உயிர் போகாவிட்டாலும் ஊரே நின்றுபோவதுண்டு. 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலக முழுதும் சுமார் 85 லட்சம் கணினிகள் படுத்துவிட்டன. கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஏர் ஏசியா பயணிகளின் பதிவைக் கையால் செய்ய நேர்ந்தது. குறையைப் பிடிக்க வேண்டிய சோதனைக் கருவியிலேயே குறையிருந்தது. அதன் மேல், கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டார்கள். அரசாங்கங்களும் இதற்கு விலக்கல்ல. 2024 ஜனவரி 2-ஆம் தேதி நமது நாட்டில் பாடு என்னும் தரவுத் தளத்தைத் தொடங்கினார்கள். பிறருடைய அடையாள அட்டை எண்ணைக் கொண்டு அவர் பெயரில் பதிந்துவிடலாம் என்ற ஓட்டை உடனேயே வெளிப்பட்டது. சொன்னதும் அடைத்தார்கள், பாராட்ட வேண்டியதே. ஆனால் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பூட்டு எங்கே என்று தேடியது முறையா?

சில மாதங்களுக்கு முன் இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது நம் ஜமாஅத்துப் பிள்ளை ஒருவர் அருகில் வந்தார். தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளை. தொழிலாளிகளின் சம்பளக் கணக்குப் போடும் மென்பொருள் எழுதுவது அவருடைய வேலை.

“மாமா, தேதி நெருங்கிவிட்டது. மேலிடத்தில் அனுப்பு என்கிறார்கள். நான்தான் சரி என்று ஒப்பம் போட வேண்டும். ஆனால் ஒரு குறை எனக்குத் தெரியும்.”

“என்ன குறை தம்பி?”

“இராத்திரி ஷிப்டு மாதக் கடைசியைத் தாண்டினால் ஓவர்டைம் சில பேருக்குக் குறைவாக விழுகிறது. பத்து வெள்ளி, பதினைந்து வெள்ளிதான். அடுத்த மாதம் அப்டேட்டில் சரி செய்துவிடலாம் என்கிறார்கள்.”

“வாங்கும் முதலாளிகளிடம் சொல்லியிருக்கிறார்களா?”

“இல்லை மாமா. சொன்னாலும் அவர்களுக்கு நஷ்டமில்லையே. குறைவது தொழிலாளிக்குத்தானே?”

அந்தக் கேள்வி என்னைச் சற்று நேரம் பேசவிடாமல் செய்துவிட்டது. இவ்வளவு நாளும், வாங்குபவரிடம் சொல்லிவிட்டால் போதும் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டுரியான் வியாபாரம் அதோடு முடிந்துவிடுகிறது. இங்கேயோ வாங்குபவர் ஒருவர், வயிறு காய்பவர் வேறொருவர். இராத்திரி முழுதும் நின்று வேலை செய்த வங்காள தேசத்துப் பிள்ளையோ, நம் ஊர்ப் பிள்ளையோ, அந்த மென்பொருளின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டான். வேலை செய்தவனுக்கு வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்து நாம். கூலியில் பத்து வெள்ளியை அடுத்த அப்டேட் வரைக்கும் நிறுத்தி வைக்க ஒரு கணினிக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? அவன் சம்மதித்தானா?

தம்பியிடம் இதைச் சொன்னேன். “உத்தியோகம் போய்விடும் என்று பயந்தால், ஒப்பம் போடு. ஆனால் ஒப்பத்துக்கு மேலே அந்தக் குறையை உன் கையால் எழுது. முதலாளிகளுக்கு அனுப்பும் தாளிலும் அது வர வேண்டும் என்று கேள். இராத்திரி ஷிப்டுக்காரர்களின் கணக்கை மட்டும் இந்த மாதம் குமாஸ்தாவை வைத்துக் கையால் போடச் சொல்லி எழுது. இதற்கும் அவர்கள் மறுத்தால் ஹஜ்ரத்திடம் போய்க் கேள்; அதற்கு மேல் எனக்குத் தெரியாது.” அவர் எழுதினார். மேலதிகாரிக்குக் கோபந்தான் என்று பிற்பாடு சொன்னார். வாங்கவிருந்த ஒரு கம்பெனி, சரி செய்த பிறகு வாங்கிக்கொள்கிறோம் என்று தள்ளி வைத்ததாம். மற்றவை கையால் கணக்குப் போட்டுக்கொண்டன. தம்பி இன்னும் அதே உத்தியோகத்தில்தான் இருக்கிறார். பதவி உயர்வுதான் அந்த வருஷம் வரவில்லை.

நம்மைப் போன்ற கடைக்காரர்களின் பாடு என்ன? நாம் மென்பொருள் எழுதுவதில்லை. ஆனால் கம்பெனியின் அச்சுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள பத்து வசதியையும் நம் வாயால் நாமே சொல்லி விற்கிறோம். சொல்லுகிற வாய் நம்முடையது; கம்பெனியின் வாயல்ல. வாங்கும் சகோதரர்களும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். சொன்ன வசதி சாமானில் இல்லையென்றால் நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கு, பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை வழக்காடலாம், வக்கீல் தேவையில்லை, மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட். ஐந்து வெள்ளிக்கு இன்றைக்கு ஒரு வேளைச் சாப்பாடு கிடைப்பதே கஷ்டம்.

என் கடையில் இப்போது ரசீதின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுக்கிறேன். இன்றைக்கு வேலை செய்வது இன்னது. கம்பெனி பின்னால் தருவதாகச் சொல்வது இன்னது, அதற்கு நான் பணம் வாங்கவில்லை. கைக்கடிகாரம் வாங்க வந்த ஒரு மலாய்க்கார அம்மா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, இரத்த அழுத்தம் பார்க்கும் வசதி இரண்டாவது வரியில் இருப்பதைக் கண்டு, “இதற்காகத்தானே வந்தேன்” என்று சொல்லி வாங்காமலே போய்விட்டார். பக்கத்துக் கடையில் அதே கடிகாரம், அந்த வரி இல்லாமல், இருக்கிறது. அங்கே போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். அன்றைக்கு மதியம் வரையில் வேறு விற்பனை இல்லை.